கேரவன், கனூ, வெந்நீர் ஊற்று: கூட்னி மலைகளில் இருவர் பயணம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நானும் என் கணவரும் கால்கரியில் வசிக்கிறோம். நாலு வருடமாக ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒரு சின்னக் கேரவனை இழுத்துக்கொண்டு, வாகனக் கூரையில் கனூ என்ற துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு, பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூட்னி மலைப்பகுதிக்குப் போய்வருகிறோம். காலையில் ஏரி, மாலையில் வெந்நீர், இரவில் கேரவன். எங்கள் பயணம் அவ்வளவுதான். டொரொன்டோவிலும் எட்மன்டனிலும் இருக்கும் உறவுகளும் நண்பர்களும் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்தப் பாதை இது? எவ்வளவு தூரம்?

ரேடியம், ஃபேர்மான்ட், ஐன்ஸ்வொர்த், நகஸ்ப், ஹால்சியன் என்று ஐந்து வெந்நீர்க் குளங்கள் ஒரு வட்டப் பாதையில் இருக்கின்றன. முழுச் சுற்று சுமார் 850 கிலோமீட்டர். கால்கரியிலிருந்து ரேடியத்துக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து தெற்கே ஃபேர்மான்ட், க்ரான்ப்ரூக், க்ரெஸ்டன். அப்புறம் கூட்னி ஏரியின் கிழக்குக் கரையோடு வடக்கே வந்து, ஃபெரியில் ஏறி அக்கரை. ஐன்ஸ்வொர்த், காஸ்லோ, நியூ டென்வர், நகஸ்ப், ஹால்சியன். அதன்பின் இன்னொரு ஃபெரி. ரெவல்ஸ்டோக், ரோஜர்ஸ் கணவாய், கோல்டன் வழியாகத் திரும்பவும் ரேடியம்.

எதிர்த்திசையிலும் சுற்றலாம். ஆனால் கனூ புதிதாகப் பழகுகிறவர்கள் நான் சொன்ன திசையில் போவதே நல்லது. ரேடியம் பக்கத்தில் ஆறு அமைதியாக இருக்கும். கை பழகிய பிறகு பெரிய ஏரிகளுக்கு வந்து சேரலாம்.

எத்தனை நாள் வேண்டும்?

பத்து இரவு. குறைந்தது எட்டு.

முதல் வருடம் நாங்கள் ஐந்து நாளில் சுற்றினோம். ஐந்து குளத்திலும் குளித்தோம், ஆனால் மூன்று நாள் கனூ கூரையை விட்டு இறங்கவே இல்லை. கேரவனைக் கழற்றி, மட்டம் பார்த்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து முடிக்க ஒரு மணி நேரம் போகும். மறுநாள் எல்லாவற்றையும் மடித்து மாட்ட இன்னொரு மணி. ஒவ்வோர் இரவும் இடம் மாறினால் பயணத்தில் பாதி இந்த வேலையிலேயே கரைந்துவிடும். அதனால் ஓர் இடத்தில் இறங்கினால் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒரு குளத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, ஒரு காலையை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் கணக்கு இப்படி: ரேடியத்தில் இரண்டு இரவு, கூட்னி ஏரிக்கரையில் மூன்று, நியூ டென்வரிலும் ஸ்லோக்கன் ஏரியிலும் மூன்று, நகஸ்பில் இரண்டு. திரும்பும் வழியில் கோல்டனில் தங்கும் ஓர் இரவு இதற்கு மேல்.

எந்த மாதம் போகலாம்?

செப்டெம்பர் முதல் வாரம் கழித்து, அதாவது தொழிலாளர் தின விடுமுறை முடிந்தவுடன். பள்ளிகள் திறந்துவிடுவதால், கேரவனை நிறுத்தித் தங்கும் முகாம்களில் இடம் கிடைக்கும். கோடை முழுவதும் வெயில் வாங்கிய ஏரி அப்போதும் ஓரளவு இதமாக இருக்கும். கொசு குறைந்திருக்கும். லார்ச் மரங்கள் மாதக் கடைசியில் பொன்மஞ்சளாக மாறத் தொடங்கும்.

ஜூன் மாதமும் வடிவுதான். ஆனால் பனி உருகி ஆறுகள் வேகமெடுக்கும் காலம் அது, சதுப்புநிலத்தில் கொசுவும் நிறைய. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காட்டுத்தீப் புகை பெரிய கவலை. அந்த மாதங்களில் போவதானால் புகை வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று முன்பே யோசித்து வையுங்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து மலைச்சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம்.

கேரவன் சொந்தமாக வேண்டுமா?

வேண்டாம். முதல் இரண்டு தடவை நாங்கள் வாடகைக்குத்தான் எடுத்தோம். கனடாவில் ட்ரெய்லர் என்று கேளுங்கள், அப்படிச் சொன்னால்தான் புரியும். இருவருக்கு 16 முதல் 19 அடி தாராளம். உங்கள் வாகனம் எவ்வளவு எடை இழுக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்த்த எடை அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும்படி எடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வாடகைக்குக் கொடுக்கிறவர் முன்னால் நின்று தண்ணீர் மோட்டார், வெந்நீர் ஹீட்டர், எரிவாயு, ஹீட்டிங் எல்லாவற்றையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் தடவை எங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்கள். இரவு இரண்டு டிகிரிக் குளிரில் ஹீட்டிங் வேலை செய்யவில்லை. அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கலாமா என்று இவர் கேட்டார். நான் விடவில்லை. மூடிய கேரவனுக்குள் அடுப்பை எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், தூக்கத்திலேயே உயிர் போகும். இருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தோம். மறுநாள் பக்கத்து முகாமில் இருந்த ஒரு வயதான தம்பதி வந்து பார்த்தார்கள். ஒரு சின்ன ஃப்யூஸ்தான் போயிருந்தது. இப்போது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மலைச்சாலையில் கேரவனை இழுத்து ஓட்டுவது ஆபத்தில்லையா?

அவசரப்பட்டால் ஆபத்துதான். ரோஜர்ஸ் கணவாய் 1,330 மீட்டர் உயரம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் இறங்குங்கள், இல்லாவிட்டால் பிரேக் சூடேறி வலுவிழந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1,400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கவேண்டும் என்பது சட்டம். சின்ன ட்ரெய்லருக்கும் அது இருந்தால் நிம்மதி.

கேரவன் பின்னால் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், பெரிய பிரேக்கும் போடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகக் கொடுங்கள். ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் பாரத்தைப் பின்னால் ஏற்றுவதுதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கவேண்டும்.

காஸ்லோவிலிருந்து நியூ டென்வர் போகும் 31ஏ சாலை ஒடுக்கமானது, வளைவுகள் அதிகம். பகல் வெளிச்சத்தில் போங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கிடத்தில் நிறுத்தி வழி விடுங்கள்.

பின்னோக்கி எடுத்து நிறுத்தும்போதுதான் எங்களுக்குள் சண்டை வருகிறது. என்ன செய்வது?

கத்திச் சொல்வதை நிறுத்துங்கள். ஓட்டுகிறவருக்கு இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்காது, அவர் பதிலுக்குக் கத்துவார். நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்கிறோம். "இடது, வலது" என்ற சொல்லே கிடையாது. "ஓட்டுநர் பக்கம், மற்றப் பக்கம், நில்" என்ற மூன்றுதான். கீழே நிற்பவரைக் கண்ணாடியில் காணாவிட்டால் ஓட்டுகிறவர் உடனே நிறுத்தவேண்டும். முக்கியமானது, இருவரும் மாறி மாறி இரண்டு வேலையையும் பழகவேண்டும். நம் குடும்பங்களில் ஓட்டுவது ஆண், கைகாட்டுவது பெண் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. மலைப்பாதையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் கேரவனோடு வீடு வந்து சேரத் தெரிந்திருக்கவேண்டும்.

முகாமில் இடம் பிடிப்பது எப்படி?

மூன்று வகை இடங்கள். ரேடியத்தில் உள்ள ரெட்ஸ்ட்ரீக் தேசியப் பூங்கா முகாம், அதற்கு ஆண்டின் தொடக்கத்திலேயே முன்பதிவு திறந்துவிடும். கூட்னி ஏரியின் மேற்குக் கிளையில் உள்ள கொக்கனி க்ரீக் போன்ற மாகாணப் பூங்காக்களுக்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முன்னதாகப் பதியலாம். மூன்றாவது ஊராட்சிகள் நடத்தும் முகாம்கள். நகஸ்ப் வெந்நீர்க் குளத்தின் பக்கத்திலேயே முகாம் இருப்பதால், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்க் குளித்துவிட்டு வரலாம்.

கொக்கனி க்ரீக்கைத் தவறவிடாதீர்கள். கொக்கனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாமன் மீன். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் முட்டையிட ஓடைக்கு ஏறிவரும்போது உடல் முழுக்கச் சிவந்திருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் அவை எதிர்நீச்சல் போடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு மாலை நின்றிருக்கிறோம்.

கனூ ஓட்டத் தெரியாது. இங்கே பழகலாமா?

இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கொலம்பியா ஆறு பிறப்பதே இந்தப் பள்ளத்தாக்கில்தான். கனல் ஃப்ளாட்ஸ் என்ற ஊரில் கொலம்பியா ஏரி தொடங்குகிறது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லை, கூட்னி ஆறு தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. கொலம்பியாவோ வடக்கு நோக்கிப் புறப்படுகிறது. இரண்டும் எதிரெதிராகப் பிரிந்து, மலைகளைச் சுற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒன்றுசேர்ந்து, கடைசியில் அமெரிக்காவின் ஆரிகன் கரையில் பசிபிக்கில் கலக்கின்றன. 1880களில் ஒருவர் இரண்டையும் இணைக்கக் கால்வாயே வெட்டினார். ஊரின் பெயர் அதனால் வந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்களே அந்தக் கால்வாய் வழியாகப் போயின.

கனல் ஃப்ளாட்ஸிலிருந்து வடக்கே 180 கிலோமீட்டருக்குச் சதுப்புநிலம் நீண்டு கிடக்கிறது. இன்வர்மியரிலிருந்து ரேடியம்வரையான துண்டு புதியவர்களுக்கு ஏற்றது. மெதுவான நீரோட்டம். அருவியோ பாறைச் சுழலோ இல்லை. நிறுத்தி நிறுத்திப் போனால் நாலு மணி நேரம் பிடிக்கும். வாடகைக் கனூ எடுத்தால் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும் வண்டியும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். வெண்தலைக் கழுகும் பெருநாரையும் தலைக்கு மேலே பறக்கும். நீரில் சாய்ந்து கிடக்கும் மரங்களிலிருந்து மட்டும் விலகியே போங்கள், நீரோட்டம் கனூவைக் கிளைகளுக்குள் இழுத்துச் செருகிவிடும்.

பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பார், முன்னால் இருப்பவர் வேகத்தைப் பிடிப்பார். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் துடுப்புப் போடவேண்டும். கனூ ஆடினால் எழுந்து நிற்காமல் முழங்காலிட்டு உட்காருங்கள், உடனே நிதானமாகிவிடும்.

இந்த ஆற்றில் ஒரு காலத்தில் கடலிலிருந்து சாமன் மீன் கொலம்பியா ஏரிவரை வந்தது. கீழே அமெரிக்காவில் 1942இல் கட்டி முடிந்த க்ராண்ட் கூலி அணை அந்த வழியை அடைத்துவிட்டது. அந்த மீனை நம்பி வாழ்ந்த ட்டுனாஹா, செக்வெப்மெக் மக்கள் அதைத் திரும்பக் கொண்டுவர இப்போது உழைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் துடுப்புப் போடும்போது இதையும் தெரிந்துகொண்டு போடவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நீச்சல் தெரியாவிட்டால்?

எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் கனூவுக்குள் கிடந்தால் சட்டத்துக்குப் போதும். உயிருக்குப் போதாது. உடம்பில் மாட்டி, ஜிப் போட்டு, பட்டையை இறுக்கியிருக்கவேண்டும்.

இங்கே நீச்சலைவிடக் குளிர்தான் பெரிய விஷயம். மலை ஏரியில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அது அடங்கும்வரை வாயைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பதே வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள் உடல் விறைத்து நினைவு தப்பலாம். ஆகவே கரையை விட்டு வெகுதூரம் போகாதீர்கள். கவிழ்ந்தால் கனூவை விடாதீர்கள், தண்ணீர் நிறைந்தாலும் அது மிதக்கும்.

விசில், தண்ணீர் இறைக்கும் வாளி, மிதக்கும் 15 மீட்டர் கயிறு ஆகியவையும் சட்டப்படி கூடவே இருக்கவேண்டும்.

சொந்தக் கனூவைக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் வழியில் படகுச் சோதனைச் சாவடி திறந்திருந்தால் நிறுத்தியே ஆகவேண்டும். கனூ, கயாக், துடுப்புப் பலகைக்கும் இது பொருந்தும். ஸீப்ரா மஸல் போன்ற சிப்பிகள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிவிடக்கூடாது என்பதற்காக. கழுவி, வடித்து, காயவைத்த கனூ என்றால் சில நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று: 2023இல் யோஹோ தேசியப் பூங்காவில் மீன்களைத் தாக்கும் வேர்லிங் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் யோஹோ, கூட்னி தேசியப் பூங்காக்களின் நீர்நிலைகளில் படகு இறக்கக் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. நான் சொன்ன இடங்கள் பூங்காவுக்கு வெளியே உள்ளவை.

கனூவில் போய் இரவு தங்க முடியுமா?

முடியும். அதற்கு ஸ்லோக்கன் ஏரி. இந்தப் பயணத்தில் எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்த இடம் இதுதான்.

ஏரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம், ஒடுக்கம், மிக ஆழம். கிழக்குக் கரையில் நியூ டென்வர், சில்வர்ட்டன் என்ற சிற்றூர்கள். மேற்குக் கரையின் பெரும்பகுதி 1983இல் உருவான வால்ஹல்லா மாகாணப் பூங்கா. அந்தக் கரையின் பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. நீமோ ஓடை போன்ற கரைமுகாம்களுக்குக் கனூவில்தான் போகவேண்டும். கேரவனை இக்கரையில் விட்டுவிட்டு, சின்னக் கூடாரமும் இரண்டு நாள் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கடப்போம். உணவை வைக்கக் கரடிக்கு எட்டாத இரும்புப் பெட்டி முகாமில் இருக்கிறது.

கடப்பது காலையில் மட்டும். இரண்டாவது வருடம் அக்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குத் திரும்பப் புறப்பட்டோம். கரையோரம் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. இருநூறு மீட்டர் போனதும் தெற்கிலிருந்து காற்று. ஒடுக்கமான ஏரி என்பதால் நீளவாக்கில் வரும் காற்று அலையைத் தள்ளிக்கொண்டே வரும். வெள்ளை நுரை எழுந்து கனூவுக்குள் தண்ணீர் அடித்தது. இவர் முன்னே பார்த்து, "இன்னும் கொஞ்சம்தானே, போய்விடலாம்" என்றார். நான் பின்னே இருந்தேன். "திருப்புகிறேன்" என்று சொல்லித் திருப்பிவிட்டேன். திரும்பும்போது அலைக்குப் பக்கவாட்டில் நின்ற அந்த நாலைந்து விநாடியை நான் மறக்க மாட்டேன்.

அன்றிரவும் அக்கரையிலேயே தங்கினோம். மிச்சமிருந்த ஒரு சுண்டு அரிசியைக் கஞ்சியாக்கி இருவரும் குடித்தோம். விடியற்காலை ஆறரைக்கு இறங்கினபோது ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதிலிருந்து இரண்டு நியதி: காலை பத்து மணிக்குள் கடந்துவிடவேண்டும், ஒருநாள் சாப்பாடு எப்போதும் கூடுதலாக இருக்கவேண்டும். மூன்றாவதாக இவர் ஒன்று சேர்த்தார். இருவரில் யார் ஒருவர் "திருப்பு" என்று சொன்னாலும் கேள்வி கேட்காமல் திருப்பவேண்டும்.

ஏரியின் பாறைச் சுவர்களில் பழங்குடியினர் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் உண்டு. கனூவில் இருந்தபடியே பாருங்கள், தொடாதீர்கள். இது ஸினிக்ஸ்ட் மக்களின் நிலம். 1956இல் கனடா அரசு அவர்களை "அற்றுப்போனவர்கள்" என்று அறிவித்துவிட்டது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். 2021இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர்களின் வேட்டை உரிமையை ஏற்றுக்கொண்டது.

இந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது? எரிமலையா?

இல்லை. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் போகப்போகச் சூடு கூடும். அந்த ஆழத்தில் சூடாகி, பாறையின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு, இன்னொரு பிளவு வழியாக வேகமாக மேலே வருகிறது.

ஐந்தில் எது சிறந்தது?

ஐன்ஸ்வொர்த். யோசிக்காமல் சொல்வேன்.

மலைச்சரிவில் குளம், கீழே கூட்னி ஏரி, எதிரே பர்செல் மலைகள். குளத்தின் ஓரத்திலிருந்து குதிரை லாட வடிவில் ஒரு குகை உள்ளே போகிறது. ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரலாம். அங்கே தண்ணீர் 42 டிகிரியை ஒட்டி இருக்கும். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர் தலையில் விழும். பாறையில் தாதுப் படிந்து வழுவழுவென்றிருக்கும். ஆவியில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. வெளியே வந்தவுடன் பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர் நிரம்பிய குளிர்த் தொட்டி. குகை, குளிர், குகை என்று மூன்று சுற்று வந்தால் கனூ ஓட்டிய தோள்வலி போய்விடும். 2015இலிருந்து இது லோயர் கூட்னி பழங்குடியான யாகன் நுகிய் மக்களுக்குச் சொந்தம். காலங்காலமாக அவர்கள் பயன்படுத்திய ஊற்றை அவர்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். திறந்திருக்கிறதா, முன்பதிவு வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ரேடியம் பெரிய குளம், செங்குத்தான பாறைச் சுவரின் கீழ் இருக்கிறது. கந்தக வாடை கிடையாது. சூட்டுக்குளம் 39 டிகிரியை ஒட்டி இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், தண்ணீரில் உள்ள கதிரியக்கம் மிகமிகச் சொற்பம். பெருங்கொம்பு மலையாடுகள் ஊருக்குள்ளேயே நடந்து திரியும். நகஸ்ப் காட்டுக்குள் அமைதியான இடம், ஊராட்சி நடத்துகிறது. ஹால்சியனில் மேல் ஏரோ ஏரியின் காட்சி நன்றாக இருக்கும். ஃபேர்மான்ட்டில் விடுதியில் தங்காதவர்களை அனுமதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் பொதுவாக ஆளுக்கு 15 முதல் 25 டாலருக்குள் வரும்.

எனக்கு வெந்நீர் ஊற்று என்றால் திருகோணமலைக் கன்னியாதான் முதலில் நினைவு வரும். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அம்மம்மா வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவா. இங்கே குளத்தில் அமிழ்ந்து உட்காருகிறோம். ஐன்ஸ்வொர்த் குகையில் தலையில் சொட்டு விழும்போது மட்டும் அந்த வாளி ஞாபகம் வந்துவிடும்.

என்ன உடுத்துவது? தாலி, மெட்டி?

பருத்தி டிசர்ட், சுடிதார் போன்றவற்றோடு இறங்க விடமாட்டார்கள். நீச்சலுடைத் துணியில் முழுக்கை மேற்சட்டையும் கணுக்கால்வரை லெக்கிங்ஸும் கடைகளில் கிடைக்கின்றன. நான் அதைத்தான் போடுகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய்த் தலையோடு இறங்கவேண்டாம்.

வெள்ளி நகை தாதுநீரில் கறுத்துவிடும். மெட்டியையும் கொலுசையும் கழற்றிக் கேரவனில் வைத்துவிடுங்கள். தங்கம் கறுக்காது, ஆனால் மெல்லிய சங்கிலி வழுக்கி விழுந்தால் ஆவியில் தேடுவது கஷ்டம். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முழுக்கைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம்.

யார் கவனமாக இருக்கவேண்டும்?

இரத்த அழுத்தம், இதயநோய், நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்கவேண்டும். மற்றவர்களும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து உட்காருங்கள். கனூ ஓட்டிய நாளில் உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருக்கும். குளத்துக்குப் போகுமுன் அரை லிட்டராவது குடியுங்கள். மது வேண்டாம்.

கரடி வருமா?

வரும். கருங்கரடியும் கிரிஸ்லியும் இந்த மலைகளில் வாழ்கின்றன, நாம்தான் அவற்றின் இடத்துக்குப் போகிறோம். கரடி ஸ்ப்ரே இடுப்பில் இருக்கவேண்டும், பைக்குள் கிடந்தால் பயனில்லை. விமானத்தில் கொண்டுவர முடியாது, டொரொன்டோவிலிருந்து வருகிறவர்கள் இங்கே இறங்கி வாங்குங்கள். நடக்கும்போது பேசிக்கொண்டே நடந்தால் கரடி தானாகவே விலகிவிடும்.

கருவாடு கொண்டுவராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மீன் பொரித்த எண்ணெய், தாளித்த சட்டி, குப்பைப் பை, நாயின் சாப்பாடு எதையும் வெளியே வைக்காதீர்கள். மனிதச் சாப்பாட்டைப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள். நம்முடைய ஒரு சட்டிக்காக ஒரு கரடி சாகக்கூடாது.

என்ன சமைக்கிறீர்கள்?

குழம்பை வீட்டிலேயே வைத்து, உறையவைத்துக் கொண்டுபோவோம். அங்கே புட்டும் சம்பலும், இல்லாவிட்டால் சோறு. வெளியே எரிவாயு அடுப்பில் சமைப்பதால் கேரவனுக்குள் மணம் தங்காது. விறகு நெருப்புக்குத் தடை இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுவராமல் அங்கேயே வாங்குங்கள், மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு வந்துவிடும்.

கழிவுநீரை என்ன செய்வது?

சானி டம்ப் என்ற இடத்தில் மட்டும் கொட்டவேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் கைகழுவிய தண்ணீரைத் திறந்தால் குழாயும் கழுவிவிடும். கையுறை போடுங்கள்.

ஃபெரிக்குக் கட்டணம் எவ்வளவு?

இரண்டும் இலவசம். கூட்னி ஏரியைக் கடக்க 35 நிமிடம், மேல் ஏரோ ஏரியைக் கடக்க இருபது நிமிடம் போல. ஏறுமுன் எரிவாயு வால்வை மூடிவிடுங்கள். கோடை வாரக்கடைசியில் வரிசை நீளும், காலையிலேயே போய்விட்டால் நல்லது.

மழை பெய்தால்?

காஸ்லோவில் எஸ்.எஸ். மோயி கப்பலைப் பாருங்கள். 1898இல் தண்ணீரில் இறக்கி, 1957வரை இந்த ஏரியில் ஓடிய துடுப்புச்சக்கரக் கப்பல். இப்போது கரையில் நிறுத்தி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

நியூ டென்வரில் நிக்கேய் நினைவு மையம் இருக்கிறது. அதற்கு மழை வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 1942இல் சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்களின் வீடு, படகு, கடை எல்லாவற்றையும் பறித்து விற்றார்கள். பல்லாயிரம் பேரை இந்த மலைகளுக்குள் கொண்டுவந்து, ஈரம் காயாத பலகையில் அடித்த சின்னக் குடில்களில் வைத்தார்கள். அந்தக் குடில்களில் சில அப்படியே நிற்கின்றன. உள்ளே அடுப்பு, படுக்கை, சுவரிடுக்கில் அடைத்த காகிதம். இவர் குடும்பம் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து கையில் ஒரு பையோடு வந்தது. அந்தக் குடிலின் வாசலில் இவர் நெடுநேரம் நின்றார். நானும் ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே வந்து, அங்கேயிருந்த ஜப்பானியத் தோட்டத்தில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணீரைக் குடித்தோம்.

கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

ரெவல்ஸ்டோக்கிலிருந்து கால்கரிக்கு ஒரே மூச்சில் இழுத்து வராதீர்கள். களைத்த கையோடு ரோஜர்ஸ் கணவாய் வேண்டாம். கோல்டனில் ஓர் இரவு தங்கி, காலையில் நேரே வீட்டுக்குப் போகாமல் ரேடியம் பக்கம் திரும்பினால் ஒன்றரை மணி நேரத்தில் முதல் குளத்துக்கே வந்துவிடலாம். நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம். ஈரத் துணியைக் கேரவனின் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, தலைமுடி காயும் முன்பே வீட்டை நோக்கிப் புறப்பட்டுவிடுவோம்.